எழுபத்திரண்டாவது கிலோமீட்டரில் இரண்டரைக் கிலோ

ஓடுகிறவர்கள் என்றால் ரதீசனுக்கு அறவே ஆகாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனை மன்னித்துவிடுவார். நாய்க்குப் பயந்து ஓடுகிறவனுக்காகக் கொஞ்சம் இரக்கம்கூடப் படுவார். துரத்த நாயும் இல்லாமல், பிடிக்க பஸ்ஸும் இல்லாமல், கைக்காசைக் கட்டி, நெஞ்சில் நம்பரைக் குத்திக்கொண்டு நூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறவனை என்ன சொல்வது? ‘மருந்து கிடையாத கேஸ்’ என்பார். முப்பது வருடமாக அரசாங்கக் கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்டாக இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

அதிலும் அவர்கள் ஓடுகிற இடம் இருக்கிறதே! கோப்பெங்குக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரம் இருந்த காலத்தில் ஜனங்கள் அங்கே இருட்டோடு எழுந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வரிசையில் நின்றது வயிற்றுக்காக. பிறகு மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள்; ஜனங்களையும் கிளப்பிவிட்டார்கள். கோயில் மட்டும் நகர மறுத்து நின்றுவிட்டது. இப்போது அதே ஜனங்களின் பிள்ளைகள் ஈப்போவிலிருந்து காரில் வந்து, அதே விடிகாலை ஐந்து மணிக்கு, அதே மண்ரோட்டில் வரிசை கட்டி நிற்கிறார்கள். அதட்டி நிறுத்த ஒரு கங்காணிகூட இல்லை. தாமாகவே நிற்கிறார்கள்.

ரதீசனின் பாட்டனார் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, நிழலில் நின்று, வெயிலில் நின்றவர்களின் பெயரை எழுதியவர். பேரனும் இப்போது கோயில் திடலில் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வேர்த்து வருகிறவர்களின் எடையை எழுதுகிறார். “ஊரு வேர்க்கும், எங்க குடும்பம் எழுதும். பரம்பரைத் தொழில் லா” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் வயிறு தனியாக ஒரு முறை சிரிக்கும். தொண்ணூற்றெட்டுக் கிலோ. அதில் கொழுப்பு முப்பத்தேழு சதவீதம் என்று அந்தக் கூடாரத்து மெஷினே சொல்லியிருந்தது.

பந்தயம் நடத்துகிற அஸ்வானின் அத்தா ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தார். ரதீசன் அங்கே தினசரி வாடிக்கை. போன வருடம் ஒரு நாள் அஸ்வான் வந்து, “அண்ணே, ஓடறவங்களுக்கு மெடிக்கல் பாரம் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே” என்று கேட்டபோது, ரதீசன் ஆட்டுக்கறிக்கும் முட்டைக்கும் நடுவே, இடது கையால் பத்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். புறப்படும்போது இருந்த எடையில் நூற்றுக்கு மூன்று குறைந்தால் உட்கார வை. ஐந்து குறைந்தால் நிறுத்து. கீழே கையெழுத்து. ஒரு சொட்டுக் குழம்பு.

மெஷின் யாரோ விளம்பரத்துக்காக இரவல் கொடுத்தது. வெறுங்காலோடு ஏறி, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நின்றால், பெட்ரோல் நிலையத்து ரசீது மாதிரி ஒரு துண்டுக் காகிதத்தைத் துப்பும். எடை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு, நீர் இவ்வளவு. ஓட்டக்காரர்கள் அந்தக் காகிதத்தைப் பிரசாதம் போல வாங்கிப் போவார்கள். ரதீசனுக்கு அதில்தான் பெரிய குஷி. “தொப்பையைக் கரைக்க ஓடறோம்னு நெனைக்கிறாங்க. பாதி ராத்திரிக்கு மேல ஒடம்பு தொடையைப் பிச்சுத் தின்ன ஆரம்பிக்குது. காலு வீங்கிப் பானையாயிடுது. வீட்டுக்குப் போறப்ப கொழுப்பும் போச்சு, கறியும் போச்சு, செருப்பும் சேரல!”

இந்தப் பேச்சுக்கெல்லாம் நடு இலக்கு அவருடைய மனைவி ரஜிதாவின் தம்பி மிதுலன். வயது முப்பத்தெட்டு, பேங்கில் ஆபீசர், உடம்பில் கொழுப்பு ஒன்பது சதவீதம். அந்த ஒன்பதை அவன் வாட்ஸ்அப்பில் போட்ட நாளிலிருந்து ரதீசன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போன வருடம் ஏழாவது சுற்று முடிவில் அவன் எடை நாலு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. பாரத்தின்படி நிறுத்தியாயிற்று. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், தொடையில் தோல் தொங்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்து ரதீசன், “கருவாடு காஞ்சிருச்சு, எடுத்து உள்ள வைங்க” என்றார். திடல் முழுக்கச் சிரித்தது. தீபாவளிக்குச் சிரித்தார்கள். பொங்கலுக்கும் சிரித்தார்கள். உறவில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் வைத்துச் சிரித்தபோது, மிதுலன் இலையை மூடிவிட்டு எழுந்து போனான்.

ரஜிதா அன்றைக்குக் காரில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். “அடுத்த வருசம் என் தம்பி ஒரு கிராம் கொறைய மாட்டான். பாருங்க.”

சொன்னதைச் செய்தாள். தோட்டத்துக் கோயில் கமிட்டியில் சீனி என்று ஒருவர் இருந்தார். தைப்பூசத்துக்கு வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போட்டுத் தழும்பேறிய கை. அவர் பந்தலைத் தாண்டி ஒரு பக்தன் வறண்ட தொண்டையோடு போனதாகச் சரித்திரம் இல்லை. வேண்டாம் என்றவர்கள்கூடக் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ரஜிதா அவரைப் பிடித்தாள். ஒரு சுற்று பதினெட்டுக் கிலோமீட்டர், ஒன்பது சுற்று. கோயில் முன்னால் பெரிய பந்தல், வழியில் நாலு சின்னப் பந்தல், நடுவில் மோட்டார் சைக்கிளில் துரத்திப் போய்க் கொடுக்க இரண்டு பேர். பானகம், மோர், இளநீர், ஐஸ் தண்ணீர். கமிட்டியில் பாதிப் பேருக்குப் பிரஷர் என்பதால் மோரில் உப்புப் போடுவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது.

மற்ற ஓட்டக்காரர்கள் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கையைக் காட்டித் தப்பித்துப் போனார்கள். சீனர் ஒருவர் கும்பிட்டுவிட்டே ஓடினார். மிதுலனால் முடியுமா? அக்கா சொம்பை நீட்டுகிறாள். பக்கத்தில் அவளுடைய சிநேகிதிகள் ஆளுக்கு ஒரு டம்ளரோடு நிற்கிறார்கள். ஒருத்தியிடம் வாங்கி இன்னொருத்தியிடம் வாங்காமல் போனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ரஜிதா தலை நிமிர்ந்து நிற்க முடியாது. அவனும் குடித்தான். தாகத்துக்கு இல்லை, மரியாதைக்கு. கொஞ்சம் வன்மத்துக்கும்.

இரண்டாவது சுற்று முடிந்து அவன் மெஷினில் ஏறியபோது ரதீசன் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். புறப்படும்போது அறுபத்து நாலே கால் இருந்த எடை, அறுபத்தைந்தேகால் ஆகியிருந்தது. சுண்டு விரலால் பேனாவைப் பிடித்து எண்ணை எழுதினார். பக்கத்தில் ‘சரி’ என்று ஒரு கோடு. “கருவாடு ஊறுது” என்றார் தலையைத் தூக்காமல். அவன் ஓடிப் போனான்.

நாலாவது சுற்று முடிந்து மிதுலன் திடலுக்குள் வரும்போது மாலை நாலு மணி. வெயில் செம்பனை மட்டைகளில் வெள்ளையாகக் கிடந்தது. அதற்குள் வந்தவர்கள் எல்லாருக்கும் ஒன்றரை, இரண்டு என்று குறைந்திருந்தது. ரதீசன் ஒவ்வொரு எண்ணையும் மீன் ஏலம் விடுகிற குரலில் கூவிக்கொண்டிருந்தார். மிதுலன் ஏறினான். மெஷின் யோசித்தது. காகிதத்தைத் துப்பியது.

அறுபத்தாறே முக்கால்.

“கூடியிருக்கு!” என்று ரஜிதா கை தட்டினாள். பந்தல் பெண்கள் எல்லாரும் தட்டினார்கள். சீனி குலவை போடச் சொல்லிப் பெண்களைப் பார்த்தார்.

மிதுலன் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தான். “அத்தான்... பாத்தீங்களா? தசை. தசை ரெண்டு கிலோ ஏறியிருக்கு.”

ரதீசனுக்கு வாயில் தயாராக ஒரு வசனம் வந்துவிட்டது. எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடினால் இரண்டு கிலோ கறி ஏறும் என்றால் கோழிப் பண்ணைக்காரன் கோழியைக் கூண்டில் வைப்பானா, ரோட்டில் விட்டுத் துரத்த மாட்டானா? வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

அந்த மெஷினுக்குத் தசையும் தெரியாது, மண்ணும் தெரியாது. காலில் சின்னதாகக் கரண்டு விட்டுக் கையில் வாங்கும். ஈரமான இடத்தில் கரண்டு சுலபமாக ஓடும். ஓடினால் அது கறி என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். உடம்பில் போகக்கூடாத இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றாலும் அதற்குக் கறிதான். ரதீசன் அவன் கையைப் பார்த்தார். விரல்கள் புழுங்கின மாதிரி தடித்திருந்தன. கடிகாரப் பட்டை மணிக்கட்டில் புதைந்து கிடந்தது.

“கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?”

“காலையில.”

“காலையிலன்னா?”

மிதுலன் யோசித்தான். யோசிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. “கெளம்பறதுக்கு முன்னாடி.”

“தலை எப்படி இருக்கு?”

“வலிக்குது. வாந்தி வர்ற மாதிரி... வெயில் லா, அத்தான். தண்ணி குடிச்சா சரியாயிடும்.”

ரஜிதா அதற்குள் சொம்போடு வந்துவிட்டாள்.

“குடுக்காதே!”

அந்தக் கத்தலில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பின. ரதீசன் எழுந்து நின்றார். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததே அன்றைக்கு அதுதான் முதல் தடவை. “ஓட்டம் போதும். நிறுத்து. தண்ணி கூடிப்போச்சு. ரத்தத்துல இருக்கிற உப்பெல்லாம் நீர்த்துப்போச்சு. கை கால் வீங்கினா வீங்கட்டும், மூளை வீங்கினா மண்டைக்குள்ள எடம் கிடையாது. நான் வெளையாடல.”

சீனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. ரதீசனின் பெரிய பெரிய ஜோக்கெல்லாம் ‘நான் வெளையாடல’ என்றுதான் ஆரம்பிக்கும்.

“தண்ணி குடிச்சா யாரும்மா செத்தா?” என்றாள் பந்தலில் ஒருத்தி.

அஸ்வான் பாரத்தோடு வந்தான். “அண்ணே, எடை கொறைஞ்சாத்தான் நிறுத்தணும்னு போட்டிருக்கு. கூடினா என்னா செய்யறதுன்னு ஒண்ணும் எழுதல.”

“எழுதினவன் மடையன்.”

“கீழ கையெழுத்து நீங்கதாண்ணே.”

“அதான் சொல்றேன், மடையன்னு!”

மிதுலன் இறங்கி வந்து அவருக்கு நேராக நின்றான். வேர்வையில் உப்புப் பூத்த முகம். “போன வருசம் எறங்கினேன், கருவாடுன்னீங்க. ஊரு பூரா சிரிச்சுது. இந்த வருசம் ஏறியிருக்கேன். இப்பவும் நிறுத்துன்றீங்க. நான் ஓடறதே உங்களுக்குப் புடிக்கல. அவ்ளோதானே அத்தான்?”

“சொல்லுங்க” என்றாள் ரஜிதா. “அவ்ளோதானே?”

ரதீசனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. உண்மையும் அதுதான். ஆனால் இந்த உண்மை வேறு, அந்த உண்மை வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தை அவர் ஒரு வருடமாகக் கோமாளி வேஷத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவசரத்துக்குத் திருப்பிக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? கையைக் கூப்பிப் பார்த்தார். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மிதுலன் பாயில் உட்கார்ந்து ஈரக் காலுறையை மாற்றினான். வலது காலணியை எடுத்து இடது காலில் நுழைத்தான். போகவில்லை. கழற்றினான். மறுபடியும் அதையே எடுத்து அதே காலில் நுழைத்தான். இன்னும் ஒரு தடவை. பிறகு தானாகச் சிரித்துக்கொண்டு, “இது ரெண்டாவது சுத்துதானே?” என்று கேட்டான்.

நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். அத்தானுக்கு ஏற்ற மச்சான், கேலி பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். ஓட்டத்துக்குப் பேர் கொடுத்த நாளிலிருந்து மிதுலன் ஓட்டத்தை வைத்து ஒரு கேலி பண்ணியதில்லை என்பது ரதீசனுக்குத் தெரியும். பண்ண வேண்டிய கேலியை எல்லாம் அவரே பண்ணித் தீர்த்திருந்தாரே.

மிதுலன் குதிகால் உள்ளே போகாத காலணியோடு எழுந்திருக்கப் பார்த்தான். ரதீசன் அவன் தோளைப் பிடித்துப் பாயில் சாய்த்தார். சாய்த்துவிட்டு, இரண்டு தொடைகளின் மேலும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தொண்ணூற்றெட்டுக் கிலோ. முப்பத்தேழு சதவீதம். ஐம்பத்திரண்டு வருடமாகப் பிரியாணியாலும் தே தாரிக்காலும் கட்டி எழுப்பிய சொத்து, முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. ஒன்பது சதவீதம் அதற்குக் கீழே கிடந்து உதைத்தது. ஒன்றும் அசையவில்லை.

“அலாமாக்! என்னங்க இது? எறங்குங்க! புள்ளை செத்துருவான்!” ரஜிதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் தெறித்தது.

“எறங்கினாத்தான் சாவான். அஸ்வான், ஆம்புலன்ஸைக் கொண்டா!”

“அண்ணே, எல்லாரும் வீடியோ எடுக்கிறாங்கண்ணே...”

“எடுக்கட்டும். முதுகுப் பக்கம் எடுக்கச் சொல்லு, மொகத்தை விடப் பரவால்ல. ஆம்புலன்ஸ்!”

ரஜிதா குனிந்து தம்பியின் முகத்தைத் துடைத்தாள். மிதுலன் அவளையே பார்த்தான். மூக்குக்கும் மூக்குக்கும் ஒரு சாண்கூட இல்லை.

“அக்கா எங்க?” என்றான் அவளிடம். “அக்காவைக் கூப்பிடுங்க. நான் குடிச்சிட்டேன்னு சொல்லுங்க.”

பிறகு தலையைத் திருப்பி வாந்தி எடுத்தான். சோறில்லை, பித்தமில்லை, தெளிந்த தண்ணீர். ரஜிதாவின் கையிலிருந்த சொம்பு புல்லில் விழுந்து உருண்டது. அதற்குப் பிறகு திடலில் யாரும் சிரிக்கவில்லை. அஸ்வான் ஓடினான்.

ஆம்புலன்ஸ்காரர் நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் செய்வதையே செய்யப் பார்த்தார். “வெயில்ல வாந்தி எடுத்திருக்காரு. ஒரு பாட்டில் தண்ணி ஏத்திட்டுப் போலாம் அண்ணே.”

“ஏத்தினா போற வழியில மாலையும் வாங்கிக்கணும்” என்றார் ரதீசன். “இவனுக்குத் தண்ணி பத்தாம இல்லை, தாங்காமக் கெடக்கான். வண்டியை எடுங்க. தலைப் பக்கம் ஒசத்தி வைங்க. போன் போட்டுச் சொல்லுங்க, உப்பு எறங்கின கேஸ்னு.” அவர் அந்தக் குரலில் பேசி ரஜிதா கேட்டதே இல்லை. வண்டிக்குள் போகும் வழியெல்லாம் மிதுலனின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். கோப்பெங் தாண்டும்போது அவனுக்கு ஒரு முறை வலிப்பு வெட்டி இழுத்தது. ரதீசன் அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடி. கடிகாரம் இவ்வளவு சோம்பேறி என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் தர்சிகா சின்ன வயசுதான். ரத்தத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். “சோடியம் நூத்து இருபத்தொண்ணு. நூத்து முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். கெட்டியான உப்புத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறோம். சாதாரண டிரிப் ஏதாச்சும் போட்டாங்களா?”

“இல்லை.”

“நல்ல வேளை. இன்னொரு சுத்து ஓடியிருந்தா...” என்று ஆரம்பித்தவள் ரஜிதாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வெளி நாற்காலியில் ரஜிதா இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்தக் கையாலதான் ஊத்தி ஊத்திக் குடுத்தேன்.”

“நீ ஊத்தினது மோரு” என்றார் ரதீசன். “ஊத்த வெச்சது என் வாயி. பாரத்துல ஒரு வரி எழுதாம விட்டதும் இந்தக் கைதான். ரெண்டாவது சுத்துலயே ஒரு கிலோ கூடியிருந்துச்சு ரஜி. எழுதினேன். ரொட்டி சானாய் தின்னுக்கிட்டு, சரின்னு கோடு போட்டேன்.”

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“அடிக்கணும்னா அடி. பெரிய எடம், குறி தவறாது.”

ரஜிதா அடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. பொத்தான் போன சட்டையை இழுத்து அவர் வயிற்றை மூடிவிட்டாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதற்காக இருக்கலாம்.

ஏழு மணிக்கு உள்ளே விட்டார்கள். மிதுலன் கண்ணைத் திறந்திருந்தான். முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது, ஆனால் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்திருந்தான். வந்த ஆளுக்குக் கோபமும் கூடவே வந்திருந்தது.

“எத்தனாவது சுத்துல நிறுத்தினீங்க?”

“நாலு.”

மிதுலன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். “போன வருசம் ஏழு.”

ரதீசனுக்கு வழக்கம் போலச் சொல்ல எத்தனையோ இருந்தன. ஒரு மனிதன் செத்துப் பிழைத்து வந்து முதலில் கேட்பது சுற்றுக் கணக்கு என்றால் அவனை எந்த மெஷினில் ஏற்றி எதை அளப்பது? இந்த ஜாதியைத் திருத்தவே முடியாது. ஆனால் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் போர்வையின் மடிப்பை மட்டும் நீவிக்கொண்டிருந்தார்.

“கல்யாணத்துல, பந்தியில சொன்னது தப்பு” என்றார் கடைசியில். “மத்த எடத்துல சொன்னதும் தப்புதான். பந்தியில சொன்னது ரொம்பத் தப்பு.”

“அத்தான்” என்றது சுவர்ப் பக்கமிருந்து குரல்.

“சொல்லு.”

“ஒண்ணுக்கு வருது.”

ரதீசன் எழுந்தார். நர்ஸைக் கூப்பிடவில்லை. திரையை இழுத்துவிட்டுக் கட்டிலுக்கடியிலிருந்து பாட்டிலை எடுத்துத் தானே பிடித்தார். முதலில் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்ட மாதிரி நிற்காமல் வந்தது. பாட்டிலின் பக்கத்துக் கோடுகள் ஒவ்வொன்றாக மூழ்கின. இருநூறு. நானூறு. அறுநூறு. ரதீசன் மூச்சு விடவில்லை.

“என்னா அத்தான், அப்படிப் பாக்குறீங்க?”

“பேசாத. விடு.”

எண்ணூற்று ஐம்பதில் நின்றது. கட்டில் கால்மாட்டில் தொங்கிய தாளில் நேரத்தைப் போட்டு எண்ணை எழுதினார். இந்தத் தடவை இரண்டு முறை சரி பார்த்தார்.

“அடுத்த வருசமும் ஓடுவேன்” என்றான் மிதுலன். “சொல்லிட்டேன்.”

“ஓடு” என்றார் ரதீசன். “அறிவு கெட்ட ஜென்மம்.”

பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், அடி மேல் அடி வைத்து வார்டு நடுவே நடந்தார். பார்க்க வந்த ஜனங்கள், பால்குடம் எடுத்து வருகிறவருக்கு ஒதுங்குவது போல இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள்.